கீழக்கரை வீட்டுக்கு சிமெண்ட் வேண்டாம்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பழைய பூச்சையெல்லாம் கொத்திப் போட்டுவிட்டு சிமெண்ட் பூசி டைல்ஸ் போட்டால் வீடு பளிச்சென்று இருக்கும் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன், மாப்பிள்ளை ஆயிற்றே. ஆனால் என் உம்மா எனக்குக் கொடுத்து, நான் உனக்குக் கொடுத்த வீடு இது. நம்மூரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே, அதனால் உன்னிடம்தான் பேசவேண்டும்.

இது முருகைக்கல் சுவர். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையைச் சிப்பி சுட்ட சுண்ணாம்பு வைத்துக் கட்டியது. கல் முழுக்கப் பொத்தல், மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உப்பு உள்ளேயே பூத்துப் பூத்து ஒருநாள் கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். அடுப்படிச் சுவர் கை வைத்தாலே மாவாய் உதிர்கிறதே, அங்கே மட்டும்தான் முன்பே சிமெண்ட் பூசியிருக்கிறது. போன கல்லுக்கு மாற்றுக்கல்லும் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், இப்போது எடுத்தால் கேஸ். நல்லதுதான், மீன் இருக்க வேண்டாமா!

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்துவிட்டார். முற்றத்துக் குழியில் சுண்ணாம்பை நீற்றிப் போட்டிருக்கிறார், பக்கத்துப் பானையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுகிறது, வீடெல்லாம் ஒரு புளித்த வாடை. கீழ்ப்பூச்சு இறுகாமல் மேல்பூச்சில் கை வைக்கமாட்டார், அவசரப்படுத்தினால் சாந்துக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். கடைசிப் பூச்சை ஒரு வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், மாதிரிக்குச் செய்த இடத்தில் ஜன்னல் கம்பியின் நிழல்கூடத் தெரிகிறது. ரங்கூன் தேக்கு உத்தரங்கள் நன்றாகவே இருக்கின்றன, எண்ணெய் தடவினால் போதும்.

போன வாரம் உன் தம்பியோடு ராமநாதபுரம் போய் ராமலிங்க விலாசத்தையும் பார்த்து வந்தேன். கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை, கட்டுவதற்கு நம்மூர் சீதக்காதி வள்ளல் துணை நின்றார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது தொல்லியல் துறை கையில் இருக்கிறது. தஞ்சை மராட்டியரோடு சண்டை, வெள்ளைக்காரர்கள் சேதுபதியைப் பார்க்க வந்தது, ராமாயணம் என்று சுவர் நெடுக 18-ம் நூற்றாண்டு ஓவியங்கள், எல்லாம் சுண்ணாம்புப் பூச்சின்மேல்தான். சில இடங்களில் மங்கித்தான் போயிருக்கிறது, ஆனாலும் முகம் தெரிகிறது, நகை தெரிகிறது. அங்கே யாராவது சிமெண்ட் அடித்திருந்தால் ஒரு குதிரைக்கால்கூட மிஞ்சியிருக்காது.

இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. செலவு கூடத்தான் ஆகும், என் நகையில் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். மாடி அறைக்கு ஏசி வேண்டுமென்றால் மட்டும் இப்போதே சொல்லிவிடு, பூச்சு முடிந்தபிறகு யாரையும் சுவரைக் குடைய விடமாட்டேன்.

உன் உம்மா