வெள்ளிச் சுரங்கம் தேடும் மகனுக்கு

தேவாலா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு மழையோடு சேர்ந்து முழங்கால் வலியும் வந்திருக்கிறது. மழை விட்டால் அதுவும் விட்டுவிடும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். எப்போது வேண்டுமானாலும் படி, ஆனால் கடைசி வரை படி.

நீ கென்டக்கியிலிருந்து அனுப்பிய, ஸ்விஃப்ட் என்பவரின் வெள்ளிச் சுரங்கத்துக்கு வழி காட்டுவதாகச் சொல்லும் அந்த வரைபடத்தைக் கூடலூருக்குப் போய்ப் பெரிதாக அச்செடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, என் பழைய ஸ்கேலையும் பாகைமானியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் ஒரு படத்தை நீட்டி "இது எங்கே வரும், பாருங்கள்" என்று கேட்டதில்லை. நீ கேட்டாய். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. சின்ன வயதில் லீவு விட்டால் செயின்மேன் அண்ணனோடு நிலம் அளக்கும் சங்கிலி முனையைப் பிடித்துக்கொண்டு நாடுகாணி மேட்டில் ஓடியவன் நீ. கம்ப்யூட்டர் படித்ததும் அதெல்லாம் மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் 'போல்' என்று போட்டிருப்பது ஒரு நீள அளவு, பதினாறரை அடி. நான்கு போல் ஒரு சங்கிலி. சங்கிலி 66 அடி, 100 லிங்க். வெள்ளைக்காரன் உங்கள் காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் கொண்டுபோனது ஒரே சங்கிலிதான். ஆனால் இங்கே சர்வே என்றால் மூலைக்கு மூலை கல் நடுவோம். உங்கள் கென்டக்கியில் அந்தக் காலத்துப் பத்திரங்களில் எல்லைக்கு மரத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வரை இத்தனை போல், அங்கிருந்து இன்னொரு மரம். மரம் விழுந்தால் எல்லை போயிற்று. ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் பட்டா ஏறி, வழக்கு மேல் வழக்கு. டேனியல் பூன் என்று உங்கள் ஊர்க் காட்டுக்கே பெயர் வைத்திருக்கிறார்களே, அவரும் சர்வேயர்தான். சரியாகப் பதியாத நிலங்களை அவரும் இழந்தார். உரிமை வழக்கு தீராத கூடலூர் ஜென்ம நிலத்து ஃபைல்களோடு காலம் தள்ளியவனுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமே இல்லை.

அப்புறம் திசை. படத்தில் இருப்பது காம்பஸ் வடக்கு. அது உண்மையான வடக்கு ஆகாது, அதுவும் வருஷத்துக்கு வருஷம் நகரும். 1760களில் அந்த இடத்தில் முள் எங்கே நின்றதோ அங்கே இன்று நிற்காது, பல டிகிரி தள்ளியிருக்கும். ஒரு டிகிரி பிசகினால் ஒரு மைலுக்கு 92 அடி விலகுவாய். ஐந்து டிகிரி என்றால் 460 அடி, அந்த மாதிரி இடத்தில் அது அடுத்த பள்ளத்தாக்கு. நீ குறித்த கோட்டில் இந்தத் திருத்தம் எங்கேயும் இல்லை. அட்சரேகையும் அப்படித்தான். நீ அனுப்பிய பிரதியில் ஒரு இடத்தில் 37 டிகிரி 56 நிமிடம், இன்னொரு இடத்தில் 38 டிகிரி 2 நிமிடம். ஒரு நிமிடம் என்பது கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் 11 கிலோமீட்டர் காடு கிடக்கிறது.

இவ்வளவும் திருத்திவிடலாம், தம்பி. திருத்தவே முடியாதது ஒன்று உண்டு. ஒரு படத்தை நிலத்தில் பொருத்த வேண்டுமானால், படத்திலும் நிலத்திலும் சந்தேகமில்லாமல் தெரிகிற இரண்டு புள்ளி வேண்டும். ஒன்றும் போதாது, இரண்டு. உன் படத்தில் ஒன்றுகூட இல்லை. ஆமை முதுகுப் பாறை, வைக்கோல்போர்ப் பாறை, ஓடை இரண்டாகப் பிரியும் இடம். ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் இயற்கையான பாறை வளைவுகளே நூற்றுக்கு மேல். அங்கே தேடிப்போனால் எந்தப் பாறையும் ஆமை முதுகாகத்தான் தெரியும். போகிறவன் மனதில் சுரங்கத்தை வைத்துக்கொண்டு போனால் படம் அவன் சொன்னபடி திரும்பும். என் சர்வீஸில் பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் ஒரே புலப்படத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு எல்லை காட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அந்த ஸ்விஃப்ட் கதையை நீ அனுப்பியதோடு விடாமல் அக்காவைத் தேடச் சொல்லி நானும் படித்தேன். 1760 முதல் 1769 வரை வெள்ளி எடுத்தாராம், மூடிவிட்டுப் போனாராம், பல வருஷம் கழித்து வந்தபோது கண் தெரியவில்லையாம். அவருடைய நாட்குறிப்பு என்று பல பிரதிகள், ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நாணயம் போலியாக அடித்ததை மறைக்கக் கட்டிய கதை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். உனக்குச் சாதகமான சாட்சி ஒன்றே ஒன்று, ஃபில்சன். 1784இல் கென்டக்கிக்குப் படம் போட்டவர். 1788இல் ஸ்விஃப்ட் என்பவர் வேலை செய்த வெள்ளிச் சுரங்கம் இருக்கிறது என்று சொல்லி 1000 ஏக்கருக்கு மனுப் போட்டார். அதே வருஷம் ஒஹையோ ஆற்றுப் பக்கம் காட்டுக்குள் போனவர் திரும்பவே இல்லை. அந்த நாட்டுக்கே படம் போட்டவராலும் அதற்கு ஒரு கல் நட முடியவில்லை என்பதைக் கொஞ்சம் யோசி.

கல்லைப் பற்றியும் யோசி. உங்கள் பக்கம் இருப்பது மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை, நிலக்கரி. வெள்ளி பெரும்பாலும் பூமிக்கடியில் சூடான நீர் ஏறிய வெடிப்புகளில், ஈயத்தோடு சேர்ந்து வருவது. கிழக்கு கென்டக்கியில் வெட்டி எடுக்கும் அளவுக்கு வெள்ளி இல்லை என்று அந்த ஊர் புவியியல் துறையினரே சொல்கிறார்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள். இங்கே தங்கம் நிஜமாகவே இருந்தது. படமும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் தங்க வயல் பார்த்த பிரௌ ஸ்மித்தை அரசாங்கமே வரவழைத்து, 1880இல் அறிக்கை வாங்கியது. எந்த எஸ்டேட்டில் தங்கம் கலந்த எந்த வெள்ளைக்கல் வரி ஓடுகிறது என்று எல்லாம் அதில் உண்டு. அதை நம்பி ஒன்றிரண்டு வருஷத்துக்குள் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஆரம்பித்தார்கள். கல்லை இடித்துப் பாதரசத்தில் சேர்த்துப் பார்த்தால், பங்கு விற்கும்போது சொன்னதில் சிறு பகுதிதான் கிடைத்தது. கொஞ்ச காலத்தில் எல்லாம் படுத்தது. தேயிலைதான் நிலைத்தது. படத்தில் இருந்ததும் தரையில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தும் இந்தக் கதி என்றால், தரையே தெரியாத படத்தை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய்?

அந்தத் தங்கச் சுரங்கக் குழிகள் இன்னும் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் அப்படியே இருக்கின்றன. என் புலப்படத்தில் ஒன்றுகூட வராது. தேவாலாப் பக்கம் சர்வேக்குப் போனால் முன்னால் கம்பால் தட்டித் தட்டித்தான் நடப்போம். உள்ளே கூரை தாங்கும் மரமுட்டு உளுத்திருக்கும், தண்ணீர் கட்டியிருக்கும். அதைவிட மோசம் காற்று. கெட்ட காற்று கனமானது, தாழ்வில் தங்கும், வாசம் கிடையாது. உள்ளே போகிறவனுக்குத் தலை சுற்றுவது தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். காப்பாற்றப் போகிறவனும் அங்கேயே விழுவான். உன் சின்ன மாமா விஷயம் உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டாம். அந்த வருஷத்துக்குப் பிறகு அம்மா அந்தப் பாதையில் நடந்ததில்லை. உன் வரைபடத்தை மேசையில் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள்.

உங்கள் பக்கம் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைய. அவற்றிலும் அதே காற்றுதான். எந்தப் பொந்து, எந்தக் குகை வாய் கண்ணில் பட்டாலும் தலையை நீட்டாதே. பாறை விளிம்பில் ஈரமாக இருக்கும்போது நிற்காதே. தனியாகப் போகாதே. போகும் இடத்தை மருமகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றும் எழுது. தனியாக மட்டும் போகாதே.

மருமகளிடம் போன் செய்தால் "வெளியே போயிருக்கிறார் மாமா" என்கிறாள். முன்பெல்லாம் "ஆபீஸ் போயிருக்கிறார்" என்பாள். நான் மேலே கேட்கவில்லை. பாப்பா மட்டும், அப்பா காட்டுக்குப் போகிறார், சேறோடு வருகிறார் என்று ஆசையாகச் சொன்னாள். நீ அந்தப் பாறைப் படங்களை அனுப்பியது எங்களுக்கு இரவு பதினொரு மணி. உங்களுக்கு மதியம் ஒன்றரை. கிழமை செவ்வாய். முந்தின ஞாயிறு எடுத்ததை அன்று அனுப்பியிருக்கலாம், மலைக்குள் சிக்னல் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வாரம் வந்த படமும் செவ்வாய்தான். சில நிறுவனங்களில் வீட்டிலிருந்து வேலை என்கிறார்கள், நேரமும் நம் விருப்பம் என்கிறார்கள். அப்படியும் இருக்கும்.

நம் கீழ்வீட்டுப் பையன் பெங்களூரில் இருந்து வந்து சில மாதம் வீட்டோடு இருந்தான், ஞாபகம் இருக்கிறதா? முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொன்னான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கோவையில் நன்றாக இருக்கிறான். அவன்தான் சொன்னான், அமெரிக்காவில் விசாவில் இருப்பவர்களுக்கு வேலையில் ஏதாவது மாற்றம் என்றால் 60 நாள்தான் கணக்கு என்று. பொதுவாகத்தான் கேட்டேன். அவனிடம் உன் பேரை எடுக்கவில்லை.

இந்த ஊரிலிருந்து முதலில் அமெரிக்கா போனவன் நீ. டீக்கடையில் உட்கார்ந்தால் இன்றும் உன்னைப் பற்றி என்னிடம் சொல்வார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்காக நீ எதையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். அது என் சந்தோஷம், என்னோடு இருக்கட்டும். ஓணத்துக்கு நீ பேசாதது அம்மாவுக்கு வருத்தம். எனக்கும்தான். பாப்பா பிறந்தநாளுக்கு இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாய்.

தேடுவதையே விடு என்று சொல்ல மாட்டேன். படம் படிக்கப் பிடித்திருக்கிறது என்றால் படி. நிஜமாகப் படிக்க ஆசை என்றால் பழைய நிலப் பத்திரங்களை எடுத்து, அந்த மர எல்லைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார். அந்த வேலையில் நானும் சேர்ந்துகொள்வேன். இங்கேயே வந்தாலும் சரி, கூடலூரில் நிலம் அளந்து முடியாத இடம் எவ்வளவோ இருக்கிறது. நவீனக் கருவி தெரிந்த ஆளுக்கு இப்போது நல்ல தேவை. இதைச் சும்மா எழுதி வைக்கிறேன். மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கியிருக்கிறாய் என்று அக்கா சொன்னாள். விலை கேட்டதும் எனக்குத் திக்கென்றது. வாங்கியது வாங்கியாயிற்று, இனி ஒன்றும் வாங்காதே.

ஒரு விஷயம். என் ஓய்வூதிய நிலுவையைப் போட்டு வைத்த டெபாசிட் தை மாதம் முதிர்கிறது. திரும்பப் போட வேண்டுமா என்று பேங்கில் கேட்டார்கள். மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உன் பேரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன், கையெழுத்தும் இருக்கிறது. எங்களுக்கு மாதப் பென்ஷன் போதும், அம்மாவிடமும் பேசிவிட்டேன். அதை அப்படியே விடலாமா, எடுக்கலாமா என்று மட்டும் சொல். எந்தக் கிழமை, எந்த நேரம் கூப்பிட்டாலும் சரி. மழைக்கு இங்கே கரண்ட் போனால் செல் சார்ஜ் இருக்காது, அப்போது அக்கா நம்பருக்குப் போடு.

அன்புடன்,
அப்பா