பார்சர் கருவியை முடிவு செய்யும் முன் தவறான நிரல்களைப் பாருங்கள்: வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நாம் உருவாக்கும் நிரல்மொழிக்கு எந்தப் பார்சர் கருவி என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறீர்கள். எழுதிய நிரலைப் படித்து, இலக்கணப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பகுதிதான் பார்சர். இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரைத் தானே உருவாக்கித் தரும் பைசன், ஆன்ட்லர், பெக் வகைக் கருவி ஒன்று என மூன்றையும் ஓட்டிப் பார்த்து வேகம், நினைவகம் எல்லாம் அளந்திருக்கிறீர்கள். அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் அளந்ததெல்லாம் சரியாக எழுதிய நிரல்களை வைத்துத்தான். தவறாக எழுதிய நிரலைக் கொடுத்தால் எந்தக் கருவி என்ன சொல்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. என்னை எழுத வைத்தது அதுதான்.

நிரல் சரியாக இருக்கும்வரை பார்சர் என்று ஒன்று இருப்பதே எழுதுபவருக்குத் தெரியாது. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால்தான் அது வாய் திறக்கிறது. புதிதாகக் கற்பவர் நம் மொழியோடு பேசும் முதல் பேச்சே பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கும்.

முன்பு வேறொரு மொழித் திட்டத்தில் வேலை செய்தேன். கற்றுக்கொண்டிருந்த ஒருவர் 12ஆம் வரியில் திறந்த அடைப்பை மூட மறந்துவிட்டார். எங்கள் பார்சர் கோப்பு முடியும் 240ஆம் வரியைக் காட்டி, 'சின்டாக்ஸ் எரர்' (இலக்கணப் பிழை) என்று மட்டும் சொன்னது. 240ஆம் வரியில் ஒன்றுமே இல்லை. அவர் கோப்பில் பாதியை வெட்டி ஓட்டினார், மீதியில் பாதியை வெட்டி ஓட்டினார். ஒரு மதியம் முழுக்கப் போனது. செய்தியைச் சரி செய்யலாம் என்று இலக்கணத்தில் பிழைக்கான விதிகளைச் சேர்த்தோம். ஒரு விதி சேர்த்தால் எங்கோ இரண்டு மோதல்கள், அதாவது எந்த விதியைப் பின்பற்றுவது என்று பார்சர் குழம்பும் இடங்கள், முளைத்தன. கடைசியில் விட்டுவிட்டோம். அந்த மதியத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பிஎச்பி என்ற நிரல்மொழியைப் பயன்படுத்தியவர்களைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். அதன் பார்சர் பைசனில் உருவானது. இரட்டை முக்காற்புள்ளி (::) என்ற குறிக்கு அந்தப் பார்சர் தனக்குள் வைத்திருந்த பெயர், ஹீப்ரு மொழியில் 'பாமாயிம் நெகுடோடாயிம்'. பல ஆண்டுகள் அந்தப் பெயரே பிழைச்செய்தியில் அப்படியே வந்து நின்றது. கருவியின் உள்பேச்சு வெளியே கசிந்தால் இப்படித்தான் ஆகும்.

பெரிய திட்டங்கள் போன வழியையும் பாருங்கள். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்களில் ஒன்றான ஜிசிசி தன் சி++ பார்சரை 2004இலும் சி பார்சரை 2006இலும் கையால் எழுதியதாக மாற்றிக்கொண்டது. கோ மொழி 2016இல் 1.6 பதிப்பில் 'யாக்' என்ற பார்சர் உருவாக்கும் கருவியை விட்டுக் கையால் எழுதிய பார்சருக்கு வந்தது. ரூபி மொழியின் 3.4 பதிப்பிலும் அதே கதைதான். பைத்தான் மட்டும் கையால் எழுதும் வழிக்கு வரவில்லை: 2020இல் வந்த 3.9இல் பெக் இலக்கணத்திலிருந்து பார்சரை உருவாக்கும் முறைக்கு மாறியது. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. தவறான வடிவங்களை அடையாளம் காண்பதற்கென்றே தனி விதிகளை இலக்கணத்தில் எழுதினார்கள். முதல் ஓட்டத்தில் நிரல் தேறாவிட்டால்தான் அந்த விதிகளோடு இரண்டாவது ஓட்டம். 3.10இல், மூடாத அடைப்பு எந்த வரியில் திறந்தது என்றே சொல்லிவிடுகிறது. அந்த 12ஆம் வரிக்காரருக்கு அப்போது வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

அதனால் பார்சரை உருவாக்கித் தரும் கருவி (ஜெனரேட்டர்) வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பைசனுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'இஃப்' (இப்படி இருந்தால்), கடைசியில் ஒரே ஒரு 'எல்ஸ்' (இல்லாவிட்டால்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 'எல்ஸ்' எதைச் சேர்ந்தது? பைசன் 'இங்கே மோதல் இருக்கிறது' என்று முன்கூட்டியே எச்சரிக்கும். பெக் கருவி முதலில் பொருந்தியதை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். கையால் எழுதிய பார்சரும் அப்படியே. இலக்கணத்தில் குழப்பம் இருப்பது பல மாதம் கழித்து, யாரோ ஒருவரின் நிரல் தவறாக ஓடும்போதுதான் தெரியவரும்.

என் யோசனை இது. கம்பைலருக்குள் போகும் பார்சரைக் கையால் எழுதுவோம், ஒவ்வோர் இலக்கண விதிக்கும் ஒரு செயற்கூறு என்று எழுதும் ரிகர்சிவ் டிசென்ட் முறையில். கணிதக் கோவைகளுக்கு மட்டும் வான் பிராட் 1973இல் சொன்ன, எந்தக் குறியை முதலில் கணக்கிடுவது என்று பார்க்கும் முன்னுரிமை முறை. அது இல்லாமல் எழுதினால் 10 - 4 - 3 என்பதை வலப்பக்கத்திலிருந்து 10 - (4 - 3) என்று எடுத்துக்கொண்டு, 3 வர வேண்டிய இடத்தில் 9 வந்து நிற்பது எளிதில் நடக்கும். இதோடு, அதே இலக்கணத்தைப் பைசன் வடிவிலும் களஞ்சியத்தில் வைத்திருப்போம். அது மோதல்களைக் கண்டுபிடிக்க மட்டும். இலக்கணம் மாறும் ஒவ்வொரு முறையும் அதை ஓட்டுவோம், ஒரே சோதனை நிரல்களை இரண்டுக்கும் கொடுப்போம். ஆம், இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டும், வேலை கூடும். செய்யத் தகுந்த வேலை என்றே நினைக்கிறேன்.

ஆன்ட்லரின் பிழை மீட்பு, அதாவது ஒரு பிழையைக் கண்ட பிறகும் தொடர்ந்து படிப்பது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது உருவாக்கும் பார்சர் ஓடத் தேவையான துணை நிரல்கள் (இயக்க நூலகம்) நம் கம்பைலரோடு எப்போதும் கூடவே வர வேண்டும். எடிட்டரில் நிரலை வண்ணமிட்டுக் காட்ட ட்ரீ-சிட்டர் என்ற கருவி போதும், அது தனிப் பேச்சு.

நான் சொல்வதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. முதலில் 50 தவறான நிரல்களைச் சேருங்கள்: விட்டுப்போன அடைப்பு, எழுத்துப்பிழையான சொல், மூடாத மேற்கோள், இடம் மாறிய 'எல்ஸ்'. மூன்று கருவிகளுக்கும் கொடுங்கள், கையால் எழுதிய சின்ன மாதிரி ஒன்றுக்கும் கொடுங்கள். வரும் செய்திகளை, இன்றுதான் நிரல் எழுதத் தொடங்கிய ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் செய்தியைப் படித்தால் எங்கே தவறு என்று அவருக்குப் புரிகிறது என்று பாருங்கள், அப்புறம் வேக அட்டவணையை எடுப்போம்.

முடிவை இரண்டு வாரம் மட்டும் தள்ளி வையுங்கள். முதல் 20 நிரல்களை நானே எழுதி இந்த வாரக் கடைசிக்குள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
திட்டத்தின் பங்களிப்பாளர் ஒருவர்