புள்ளி வைக்காத பிள்ளை

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்கிறேன். அத்தைக்கு முட்டுவலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவன் டிவியை ஒட்டியே போய் நிற்கிறான், எத்தனை தடவை இழுத்துவிட்டாலும் மறுபடி அங்கேயே போகிறான் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அது என் மனதை விட்டுப் போகவில்லை.

என் நாலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இருக்காது. நான் ‘மரங்கள்’ என்று எழுதிப் போட்டால் அவள் நோட்டில் ‘மரஙகள’ என்றிருக்கும். ஜூனிலிருந்து சிவப்பு மையால் புள்ளி வைத்து வைத்து அலுத்துப்போய், பத்துப் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னேன். கவனமே இல்லை என்று அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஆகஸ்டில் ஒருநாள், சொல்வதை எழுதும் நோட்டைத் திருத்துகிறேன், அத்தனை புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்கிறது. இரண்டு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். காதால் கேட்டு எழுதினால் புள்ளி இருக்கிறது, பலகையைப் பார்த்து எழுதினால் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் புள்ளி தெரியவே இல்லை கலா. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏண்டா சொல்லவில்லை என்று மறுநாள் கேட்டேன். “எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சேன் டீச்சர்” என்றாள். பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால் முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்று புரியும். பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கண் ஏது? தலைவலி என்று சொல்லும், கண்ணைச் சுருக்கும், பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கும். நாமும் அதைக் காப்பியடிக்கிற பழக்கம் என்று நினைத்துவிடுகிறோம்.

அரசு மருத்துவமனையில் சோதித்ததில் இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் 2.5. அதாவது 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் எல்லாமே மங்கல்தான். பலகை எங்கே, அவள் உட்கார்ந்திருந்த மூன்றாம் வரிசை எங்கே! அரசுத் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைத்தது. அவள் பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள், போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமே என்று ஒரே பிடி. உடம்பு வளர வளரக் கண்கோளமும் நீண்டு பவர் கூடுகிறது பாட்டி, கண்ணாடி போடாவிட்டாலும் கூடும், செருப்பு போட்டதாலா கால் வளர்கிறது என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் இறங்கி வந்தார்.

கண்ணாடி போட்டு வந்த முதல் நாள் நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். “டீச்சர், சாக்பீஸ் தூள் கீழே விழுறது தெரியுது” என்று கத்தினாள். பதினெட்டு வருஷமாகப் பலகையில் எழுதுகிறேன், அந்தத் தூளை நானே கவனித்ததில்லை.

சின்னவனுக்கு ஆறு வயசுதானே ஆகிறது? தாமதிக்காதே. கண்ணாடிக் கடையில் மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதே, கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டுச் சோதிக்கச் சொல். சின்னப் பிள்ளைகள் தம்மை அறியாமலே கண்ணுக்குள் இருக்கும் தசையை இறுக்கிப் பார்ப்பதால் மருந்து விடாமல் சரியான பவர் தெரியாது. மருந்து விட்டபின் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது, அன்று வீட்டுப்பாடம் வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்துவிடக் கூடாதே என்பது. நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. மங்கலான கண்ணை மூளை நாளடைவில் ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்களே, அது இதுதான். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து மற்றதைப் பழக்குகிற வைத்தியம் ஏழு எட்டு வயதுக்குள் நன்றாகக் கேட்கும். அதற்குப் பிறகு கடினம்.

அவனை மாலையில் தெருவில் விளையாட விடு. சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டு மூன்று வருஷம் பார்த்திருக்கிறார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 100க்குச் சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, வெளியே போனவர்களில் 30 பேருக்குத்தான். தைவானில் 2010லிருந்து பிள்ளைகளைத் தினமும் 120 நிமிஷம் வெளியே விடச் சொல்கிறார்கள். நம் பள்ளிகளிலோ விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்குகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம் அதை நிறுத்திவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காலண்டரைச் சுவரில் மாட்டி, இருபது அடி தள்ளி அவனை நிற்கவை. ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொல், விரலால் வேண்டாம், இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவான். பிறகு மற்றக் கண்ணை. ஒவ்வொரு கண்ணாலும் எந்த அளவு எண் வரை படித்தான் என்று உடனே எனக்கு எழுது. அவன் சரியாகப் படித்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டாமல் விட்டுவிடாதே.

உன்
சாந்தி