சாயங்கால ரத்தத்தை நம்பி ஆண் ஹார்மோன் ஊசி போடாதீர்கள்

சென்னை மருத்துவர்களுக்கும், ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு 59 வயது. வீடு பெரம்பூர், வேலை பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுவது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அசதி வந்து உடம்பில் உட்கார்ந்துகொண்டது. மதியம் லெட்ஜர் மேலேயே தூங்கி விழுவேன். வீட்டுக்குப் போனால் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்காது. தாம்பத்திய நாட்டமும் விட்டுப்போயிற்று. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆண்களுக்கான சிறப்புப் பேக்கேஜ் என்று ஒரு விளம்பரம் பார்த்துப் போனேன். வேலை முடிந்து, டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, மாலை ஆறரைக்கு ரத்தம் கொடுத்தேன். சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், டெசிலிட்டருக்கு 262 நானோகிராம் என்று வந்தது. அந்த ஒரு தாளை வைத்தே, இரண்டு வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் தெம்பாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஐந்தாம் மாதம் தலை கனத்தது, முகம் சிவந்து காது மடல் சுட்டது. வேறொரு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 56 சதவீதம். 54-ஐத் தாண்டினாலே ஊசியை நிறுத்த வேண்டுமாம். ரத்தம் அவ்வளவு கெட்டிப்பட்டிருந்தது. அதுவரை யாரும் அதைச் சோதிக்கவில்லை, பிராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையும் செய்யவில்லை.

ஊசியை நிறுத்தி ஆறு மாதம் கழித்து, வெறும் வயிற்றில், காலை ஏழரை மணிக்கு, இரண்டு தனித்தனி நாளில் பார்த்தோம். 388, 402. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும், சாப்பிட்டால் இன்னும் இறங்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு காலைப் பரிசோதனையிலும் 300-க்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். என் அசதிக்குக் காரணம் குறட்டையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. "குறட்டை விடுவாரா?" என்று என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவருக்கு இதே அசதி. "வயசாயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும்" என்றே இரண்டு வருடம் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் எல்.ஹெச்., புரோலாக்டின் என்ற இரண்டு ஹார்மோன்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கிறார்.

2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, இதய நோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து அதிகமுள்ள 5,200 பேருக்கு மேல் பார்த்தது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தம் உறைவதும், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவதும் கொஞ்சம் கூடுதல். இந்த ஆய்வைக் காட்டிப் பயப்படாதீர்கள் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெறும் வயிற்றில் இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் 300-க்குக் கீழே இருந்தவர்களைத்தானே அதில் சேர்த்தார்கள்? பஜ்ஜி தின்றுவிட்டு வந்த என்னை அதில் சேர்த்திருப்பார்களா?

பரிசோதனைக் கூடத்தாரே, டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை ஏழிலிருந்து பத்துக்குள் மட்டும் ரத்தம் எடுங்கள். மாலையில் வருகிறவரிடம் "நாளைக்குக் காலையில் சாப்பிடாமல் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மருத்துவர்களே, ஊசி எழுதுமுன் இரண்டாவது காலைக்குக் காத்திருங்கள். தூக்கத்தையும் சர்க்கரையையும் விசாரியுங்கள். குழந்தைக்காகக் காத்திருக்கிற ஆணாக இருந்தால், இந்த ஊசி விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். எங்கள் வயதில் இதையெல்லாம் வரிசையில் நிற்பவர் காதுபடச் சொல்ல வாய் வராது.