மார்ச் 2, 1833: ஒரே நாளில் இரண்டு கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியரசின் தொடக்க கால அரசியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்ட்ரூ ஜாக்சன் எப்படிச் சாமானியர்களின் தலைவரானார் என்ற பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 1832-33 தென் கரோலினா நெருக்கடியை நாலே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். சுங்கவரிச் சட்டம் செல்லாது என்று மாநிலம் அறிவித்தது, படை வரும் என்று ஜாக்சன் மிரட்டினார், மாநிலம் பணிந்தது என்கிறார். 1833 மார்ச் 2 அன்று ஜாக்சன் கையெழுத்திட்டவை இரண்டு சட்டங்கள். ஒன்று வரியை வசூலிக்கப் படைபலம் தருவது. இன்னொன்று அந்த வரியையே குறைப்பது. கட்டுரையில் இரண்டாவது சட்டத்தைக் காணோம்.

முதலில் சண்டைக்குக் காரணமான வரி. 1828 சட்டமே ஒரு தேர்தல் தந்திரம் கை நழுவிப்போனதால் வந்ததுதான். மசோதாவைத் தயாரித்த குழுவில் ஜாக்சன் ஆட்களுக்கே பெரும்பான்மை. பென்சில்வேனியாவுக்காக இரும்புக்கும், கென்டக்கிக்காகச் சணல்நாருக்கும், நியூயார்க், ஒஹாயோ ஆட்டுப்பண்ணைகளுக்காகக் கம்பளி ரோமத்துக்கும் வரியை ஏற்றினார்கள். ரோமத்துக்கு ராத்தலுக்கு 4 சென்ட், அதன்மேல் மதிப்பில் 40 சதவீதம். மொலாசஸுக்கு காலனுக்கு 5 சென்ட்டாக இருந்தது 10 ஆனது. மூலப்பொருளுக்கு இப்படி வரி ஏறினால் வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்தின் கம்பளி ஆலை, ரம் வடிசாலை, கப்பல் பட்டறை எல்லாவற்றுக்கும் அடி. தென் மாநில உறுப்பினர்கள் திருத்தங்களை எதிர்த்து, அந்தக் கசப்பு குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். நியூ இங்கிலாந்தும் எதிர்க்கும், தெற்கும் எதிர்க்கும், மசோதா கவிழும், பழி, தேர்தலில் ஜாக்சனை எதிர்த்து நின்ற அதிபர் ஆடம்ஸ் தரப்பின் மேல் விழும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு தப்பியது. பிரதிநிதிகள் சபையில் 105-94 என்று தேறிவிட்டது. செனட்டில் கம்பளித் துணிக்கான வரியைக் கொஞ்சம் உயர்த்தியதும் நியூ இங்கிலாந்தின் செனட்டர் டேனியல் வெப்ஸ்டரே ஆதரித்தார், அங்கே 26-21. இந்த மசோதா தயாரிக்கப்போகும் ஒரே சரக்கு ஒரு அதிபர்தான் என்று வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் கேலி செய்தார்.

தென் கரோலினாவின் குறை முழுக் கற்பனையும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அந்த மாநில உறுப்பினர் ஜார்ஜ் மக்டஃபியின் 'நாற்பது பொதி' வாதம் அப்போது ஊரெல்லாம் பரவியது. வரி 40 சதவீதம் என்றால், விளைகிற 100 பஞ்சுப் பொதியில் 40 பொதி வடக்கத்தியார் வீட்டுக்குப் போகிறது என்பார். மேடையில் கைதட்டல் வாங்கும். கணக்காகப் பார்த்தால் நிற்காது: ஏற்றுமதிக்கு வரி போடுவதை அரசியல் சாசனமே தடுக்கிறது, இறக்குமதி வரியின் சுமை துணி வாங்கும் எல்லா மாநிலத்தார் மேலும் பரவும். உலகச் சந்தையில் பஞ்சை விற்றுவிட்டு, வரியால் விலையேறிய சந்தையில் துணியும் இரும்பும் வாங்க வேண்டியிருந்தது என்ற அளவில் பஞ்சுத் தோட்ட முதலாளிகளின் புகார் நியாயம். ஆனால் அவர்களை நிஜமாக உடைத்தது பஞ்சு விலை. 1818-ல் ராத்தல் 30 சென்ட்டைத் தாண்டியிருந்தது, 1820-களின் கடைசியில் 10 சென்ட்டை ஒட்டி இறங்கிவிட்டது. அலபாமா, மிசிசிப்பியின் புது மண் அமோகமாக விளைந்தது; தென் கரோலினாவின் உள்நாட்டு மண்ணோ களைத்துப் போயிருந்தது. வாஷிங்டனில் எந்தச் சட்டம் போட்டாலும் அது மாறியிருக்காது.

'மாநில உரிமை' என்ற சொல்லைக் கேட்டால் நம் வாசகர்களுக்கு இயல்பாகவே ஒரு பரிவு வரும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1830 கணக்கெடுப்பில் தென் கரோலினாவின் மக்கள்தொகை 5,81,185. அதில் 3,15,401 பேர் அடிமைகள். வரி என்பது ஒரு சந்தர்ப்பம்தான், உண்மையான காரணம் அல்ல, தெற்கின் அடிமை அமைப்புதான் அதை வடக்கோடு முரண்பட வைக்கிறது என்று 1830 செப்டம்பரில் நண்பர் வர்ஜில் மாக்சிக்கு எழுதிய கடிதத்தில், அப்போதைய துணை அதிபரும் தென் கரோலினாக்காரருமான ஜான் கால்ஹூனே ஒப்புக்கொள்கிறார். 1832 ஜூலைச் சட்டம் பல வரிகளைக் குறைத்தது. அடிமைகளுக்கென வாங்கும் மலிவான முரட்டுக் கம்பளித் துணிக்கு வரி வெறும் 5 சதவீதமானது. அப்படியும் நவம்பர் 24 அன்று கொலம்பியா நகரில் கூடிய மாநில மாநாடு 136-26 வாக்குகளில் இரண்டு வரிச் சட்டங்களும் செல்லாது என்று தீர்மானித்து, 1833 பிப்ரவரி 1 முதல் வசூல் கூடாது என நாள் குறித்தது.

இனி, கட்டுரை தொடாத நடைமுறை. சட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டால் மறுநாள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் என்ன நடக்கும்? அந்தக் காலத்தில் இறக்குமதியாளர் வரியை உடனே கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான சரக்குக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து எடுத்துப் போகலாம், பணம் சில மாதம் கழித்து. மாநிலத்தின் திட்டம் இந்த ஓட்டையில்தான் இருந்தது. சரக்கை எடு, தவணை வந்ததும் கட்ட மாட்டேன் என்று சொல், வழக்கு வரட்டும். ஜூரியில் உட்காருபவர்கள் மாநாட்டின் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்தவர்கள். தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்ல வேண்டுமா? உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் கிடையாது. சுங்க அதிகாரி சரக்கைப் பிடித்து வைத்தால் அதை மீட்க மாநிலம் தனிச் சட்டம் போட்டது. அதிகாரி திருப்பித் தர மறுத்தால், சரக்கின் மதிப்பைப்போல் இருமடங்குக்கு அவருடைய சொந்தச் சொத்தை ஷெரீப் ஜப்தி செய்யலாம். ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் மத்திய அரசின் வருமானத்தை நிறுத்தும் ஏற்பாடு இது.

படைபலச் சட்டத்தின் முதல் பிரிவு இந்த ஒவ்வொரு கண்ணிக்கும் எழுதிய பதில். சுங்க அலுவலகத்தை அந்தத் துறைமுக எல்லைக்குள் பாதுகாப்பான எந்த இடத்துக்கும், ஒரு கப்பலுக்குக்கூட, அதிபர் மாற்றலாம். அங்கே பத்திரம் செல்லாது, ரொக்கம்தான். தவணைக்கு உரிய வட்டியைக் கழித்துக்கொண்டு வாங்குவார்கள். பணம் கட்டும்வரை சரக்கு அரசின் பிடியில். மாநில நீதிமன்ற உத்தரவைக் காட்டி அதை எடுக்க முடியாது. அதிகாரிகள் மேல் போடும் வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு மாற்ற மூன்றாம் பிரிவு வழி செய்தது. படையைக் கூப்பிடும் விரிவான அதிகாரம் ஐந்தாம் பிரிவில், அதுவும் கடைசி வழியாக. முதல், ஐந்தாம் பிரிவுகளுக்கு, காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரைதான் ஆயுள். ராணுவத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் ஏற்கெனவே சார்ல்ஸ்டன் போய் மோல்ட்ரி கோட்டையைப் பலப்படுத்தியிருந்தார். ஊருக்குள் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர்களை ஜோயல் பாயின்செட் திரட்டினார். (டிசம்பரில் நம் ஊர் நர்சரிகளில் சிவப்பாக நிற்கும் பாயின்செட்டியா செடிக்கு இவர் பெயர்தான்.) வேறெந்தத் தென் மாநிலமும் கைகொடுக்கவில்லை. குறித்த பிப்ரவரி 1 வருவதற்கு முன்பே, ஜனவரி 21 அன்று, சார்ல்ஸ்டனில் கூடிய தலைவர்கள் காங்கிரஸ் முடிவு தெரியும்வரை பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த முடிவை, அதாவது வரிக் குறைப்புச் சட்டத்தை, எழுதியவர் செனட்டர் ஹென்றி கிளே. 20 சதவீதத்துக்கு மேல் உள்ள வரியில், அந்த மேல்மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறைப்பது. அப்படி நான்கு முறை. மீதியில் பாதி 1841 கடைசியில், மறுபாதி 1842 ஜூன் கடைசியில். 50 சதவீத வரியுள்ள கம்பளித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மிச்சம் 30, பத்தில் ஒரு பங்கு 3. 47, 44, 41, 38 என்று எட்டு ஆண்டில் இறங்கியது 12 புள்ளிதான். பிறகு 29, அடுத்து 20: கடைசி ஆறே மாதத்தில் 18 புள்ளி. அந்தப் பள்ளம் வருவதற்குள் காங்கிரஸ் மாறிவிடும் என்ற நம்பிக்கையில் ஆலைக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்; குறைத்துவிட்டோம் என்று கால்ஹூன் ஊருக்குப் போய்ச் சொல்லலாம். இரண்டாம் பிரிவு இன்னும் சுவாரசியம்: 5 சதவீதமாக இருந்த அந்த முரட்டுத் துணி வரியை அது 50-க்கு ஏற்றிவிட்டது. தென் கரோலினாவின் வெற்றி என்று கொண்டாடப்பட்ட சட்டத்தில்!

மாநாடு மார்ச்சில் மறுபடி கூடித் தன் பழைய தீர்மானத்தை 15-ஆம் தேதி திரும்பப் பெற்றது. 18-ஆம் தேதி படைபலச் சட்டம் செல்லாது என்று புதிதாக ஒன்றை நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. பணிந்தவர்கள் செய்கிற காரியமா அது? செனட்டில் படைபல மசோதாவுக்கு எதிராகப் பதிவான ஒரே வாக்கு ஜான் டைலருடையது. 1842-ல் வரி 20 சதவீதத்துக்கு இறங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் அதை மீண்டும் உயர்த்திய சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபரும் அதே டைலர்தான்.

இரு தரப்பும் மக்களின் பெயரால்தான் பேசியது என்று கட்டுரை சொல்வது சரி. ஆனால் 1832 அதிபர் தேர்தலில் வெள்ளையருக்குக்கூட நேரடி வாக்கு இல்லாத ஒரே மாநிலம் தென் கரோலினா. அங்கே சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்து, 11 வாக்குகளையும் வர்ஜீனியாவின் ஜான் ஃப்ளாய்டுக்குப் போட்டது. ஜாக்சன் தரப்பும் யோக்கியமில்லை. செரோக்கீ பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது ஜார்ஜியா அதை மதிக்கவில்லை, ஜாக்சன் விரலைக்கூட அசைக்கவில்லை. அந்த வழக்கில் சிறையில் கிடந்த பாதிரியார் சாமுவேல் வூஸ்டர் வெளியே வந்தது 1833 ஜனவரி 14. படைபல மசோதா கேட்டு ஜாக்சன் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பியது ஜனவரி 16. ஜார்ஜியாவும் தென் கரோலினாவும் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில் விடுதலைக்குத் திரைமறைவில் பேசியவர்கள் ஜாக்சனின் ஆட்களே.

இரண்டு சிறு திருத்தங்கள். 'மார்ஷல் தீர்ப்பு சொன்னார், முடிந்தால் அவரே அமல்படுத்தட்டும்' என்று, செரோக்கீ வழக்கில் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி மார்ஷலைப் பற்றி ஜாக்சன் சொன்னதாகக் கட்டுரை தருகிறது. அந்த வாசகம் 1864-ல் பத்திரிகையாளர் ஹொரஸ் கிரீலி எழுதியதில்தான் அச்சேறியது, அதாவது தீர்ப்பு வந்து 32 ஆண்டு கழித்து. படத்துக்குக் கீழே 'துணை அதிபர் கால்ஹூன், 1833' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் 1832 டிசம்பர் 28 அன்றே அந்தப் பதவியை விட்டுவிட்டார். 1833-ல் அவர் செனட்டர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்