முதல் கட்டம் மெதுவாக இருக்கட்டும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கும் செய்தி வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தது. தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகே இரண்டாம் பக்கத்தில் நீங்கள் வரைந்திருந்த ஆலன் விலகல் கோட்டை, அதாவது அலையியற்றியின் அதிர்வெண் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று காட்டும் கோட்டை, பார்க்க மனம் வந்தது. இரண்டு 10 மெகாஹெர்ட்ஸ் ஓவன் குவார்ட்ஸ் அலையியற்றிகளை (வெப்பநிலை மாறாத சூட்டுப் பெட்டியில் இருப்பவை), 10 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் மூன்றாவது அலையியற்றியோடு அதிர்வெண்களின் வித்தியாசத்தைத் தரும் இரண்டு மிக்ஸர்களில் கலந்து, கிடைத்த 10 ஹெர்ட்ஸ் அலைகளை சுழியைக் கடக்கும் கணத்தைக் காட்டும் வேகமான கம்பேரட்டர்களில் கொடுத்தும், 1 நொடியில் 4×10⁻¹²-க்குக் கீழே கோடு இறங்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். மிக்ஸரை மாற்ற வேண்டாம். குறை அதற்குப் பின்னால் உள்ள கம்பேரட்டரில் இருக்கிறது.

அலை சுழியைக் கடக்கும் கணத்தில் ஏற்படும் பிழை, இரைச்சல் மின்னழுத்தத்தை அந்த இடத்தின் சரிவால் வகுத்தால் வருவது என்பதை நாம் இருவரும் ஆய்வகத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். உச்சம் 1 வோல்ட் உள்ள 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை சுழியில் நொடிக்கு 6.28 கோடி வோல்ட் வேகத்தில் ஏறுகிறது. 500 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலமும், ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட் இரைச்சலும் உள்ள கம்பேரட்டரின் மொத்த இரைச்சல் ஏறத்தாழ 112 மைக்ரோவோல்ட். ஆகவே பிழை 1.8 பிகோ நொடி. இப்போது உங்கள் 10 ஹெர்ட்ஸ் அலையைப் பாருங்கள். அதன் சரிவு நொடிக்கு வெறும் 62.8 வோல்ட். அதே கம்பேரட்டரில் பிழை 1.8 மைக்ரோ நொடியாகிறது. கலத்தலால் கிடைத்த 10 லட்சம் மடங்கு உருப்பெருக்கத்தால் அதை வகுத்தால் மீண்டும் அதே 1.8 பிகோ நொடிதான். நேரத்தை அளக்கும் கவுண்டரின் நுண்மைக்குக் கிடைத்த லாபம் கம்பேரட்டரின் இரைச்சலுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வழிகளையும் சேர்த்து ரூட் இரண்டாலும், வெள்ளை இரைச்சலுக்குரிய ரூட் மூன்றாலும் பெருக்கினால் 4.4×10⁻¹² வருகிறது. உங்கள் கோடு நின்ற இடம் அதுவே.

கலத்தலின் உண்மையான பயன், அலை மெதுவாகிவிட்டதால் பட்டையகலத்தைச் சுருக்க முடிகிறது என்பதுதான். 10 ஹெர்ட்ஸ் அலைக்கு 500 மெகாஹெர்ட்ஸ் வாயிலைத் திறந்து வைத்தால் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். 1990இல் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த டிக், குன்லே, சிட்னர் ஆகியோரும், 1996இல் ஆலிவர் காலின்ஸும் காட்டிய வழி, அலையின் சரிவைக் கூர்மையாக்கும் வேலையைப் பல கட்டங்களாகப் பிரிப்பது. முதல் கட்டத்தில் 5 மடங்கு பெருக்கமும் 100 ஹெர்ட்ஸ் அளவு பட்டையகலமும் போதும். பிறகு ஒவ்வொன்றிலும் 10 மடங்கு பெருக்கம் கொடுத்து, பட்டையகலத்தையும் 1, 10, 100 கிலோஹெர்ட்ஸ் என்று விரித்துச் செல்லலாம். நான்காம் கட்டத்தின் முடிவில் சரிவு நொடிக்கு 3 லட்சம் வோல்ட்டைத் தாண்டிவிடும். அங்கே எந்தக் கம்பேரட்டரை வைத்தாலும் அதன் இரைச்சல் ஒரு பொருட்டல்ல. முதல் கட்டத்தின் வெள்ளை இரைச்சல் மட்டும் என்றால் கணக்கு 1 ஃபெம்டோ நொடி என்கிறது. மிக்ஸரின் இரைச்சலும், கட்டங்களில் பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்பின் தாழ் அதிர்வெண் இரைச்சலும் அதைப் பல மடங்கு கூட்டும். அப்போதும் நீங்கள் இன்று நிற்கும் இடத்திலிருந்து வெகு கீழே இருப்பீர்கள். ஒவ்வொரு ஆப்-ஆம்பின் பின்னூட்டத்திலும் எதிரெதிராக இரண்டு டயோடுகளை வையுங்கள். ஆப்-ஆம்பின் வெளியீடு அதன் மின்னழுத்த எல்லையில் முட்டி நின்றுவிட்டால் அது மீண்டு வரும் நேரம் நிலையாக இருப்பதில்லை.

கம்பேரட்டரில் ஹிஸ்டெரிசிஸ், அதாவது ஏறும்போது ஒரு மட்டத்திலும் இறங்கும்போது வேறொரு மட்டத்திலும் மாறும் தன்மை, கூட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒரே கடப்பைப் பலமுறை எண்ணுவதைத் தடுக்கும். முதல் கடப்பின் நடுக்கத்தைக் குறைக்காது. மேலும், தீர்மானிக்கும் புள்ளியைச் சுழியிலிருந்து நகர்த்திவிடுவதால், அலையின் உயரம் மாறினாலே நேரமும் மாறத் தொடங்கும்.

என் மேசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ருபிடியம் அலையியற்றியைக் கவுண்டரில் நேரடியாக அளந்தபோது, 15 நொடியை ஒட்டி வரைபடத்தில் ஒரு மேடு எழுந்தது. இரண்டு வாரம் ருபிடியத்தையே சந்தேகித்தேன். பிறகுதான் கவுண்டரின் வாயில் தாழ் அதிர்வெண்ணையும் உள்ளே விடும் நேர்மின்னோட்ட இணைப்பில் இருப்பதையும், இரு கருவிகளின் தரையிணைப்புகளுக்கு இடையே 10 மில்லிவோல்ட் அளவு மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓடுவதையும் கண்டேன். அந்த 10 மில்லிவோல்ட் கடப்பு நேரத்தை 160 பிகோ நொடி தள்ளிவிடும். நொடிக்கு ஒருமுறை அளக்கும்போது, மின்வலையின் அதிர்வெண் 49.97 ஹெர்ட்ஸாக இருந்தால், அந்தத் தள்ளல் 33 நொடிக்கு ஒரு சுற்று வரும் மெதுவான அலையாகத் தோன்றுகிறது. அதில் பாதிக்கும் சற்றுக் குறைவான நேரத்தை ஒட்டித்தான் மேடு எழும். இரு பக்கமும் சம எண்ணிக்கைச் சுற்றுகள் (1:1) உள்ள சிறிய ரேடியோ அதிர்வெண் மின்மாற்றியை வாயிலில் போட்டு, கேபிளின் உலோக உறையைப் பெட்டியிலிருந்து பிரித்ததும் மேடு மறைந்தது. உங்கள் மிக்ஸர்களுக்கு முன்னாலும் அதைப் போடுங்கள்.

மிக்ஸருக்கு முன்னால் வடிகட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு, கூடுமானவரை வேண்டாம் என்பதே என் பதில். 10 மெகாஹெர்ட்ஸிலேயே வெட்டும் ஒரு சாதாரண ஆர்சி (மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த) வடிகட்டியில் உறுப்புகளின் மதிப்பு டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) மாறினால், தாமதம் டிகிரிக்கு 0.8 பிகோ நொடி நகரும். தவிர்க்க முடியாவிட்டால் வெப்பத்தால் மதிப்பு அதிகம் மாறாத என்பி0 வகை மின்தேக்கியைப் பயன்படுத்துங்கள். இரு வழிகளின் கேபிள்களையும் ஒரே நீளத்தில் வெட்டி, ஒன்றாகக் கட்டி வையுங்கள். டெஃப்லான் காப்புள்ள கேபிளின் தாமதம் 19 டிகிரியை ஒட்டித் திடீரென்று வளைகிறது. குளிரூட்டியை 20இல் வைக்கும் உங்கள் பழக்கத்தை அளவு நடக்கும்போதாவது 25க்கு மாற்றுங்கள்.

புதிய பலகை தயாரானதும், இரண்டு அலையியற்றிகளையும் ஒப்பிடுவதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றின் வெளியீட்டையே பிரித்து இரு வாயில்களிலும் கொடுத்து ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அப்போது தெரிவது அளக்கும் கருவியின் சொந்த இரைச்சல்தான். அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறேன். பேத்தியின் படத்தையும் அதோடு அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்