பழையதை டிக்கியில் வை

அஸ்தம்பட்டி, சேலம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். உன் அம்மா நீ வாங்கிய பழைய காரின் சிவப்பு நிறத்தைப் பார்த்து மகிழ்ந்தாள். நான் பானெட் திறந்திருந்த படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று நம் வீட்டு வாசலில் நின்றதே, அதன் 948 சிசி எஞ்சினும் நீ வாங்கியிருக்கும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3-இன் 1296 சிசி எஞ்சினும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. முகப்பு முழுவதும் முன்பக்கம் கவிழ்வதால் டயரின் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம் என்ற வசதியும் இரண்டுக்கும் பொது. ஸ்காட்லாந்து மலைகளுக்குக் கிளம்பும் முன் டிக்கியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு மாலை வண்டி நின்றுபோனது உனக்கு நினைவிருக்கலாம். அப்போது உனக்கு ஆறு வயது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். எஞ்சின் இருமத் தொடங்கி, அடுத்த வளைவுக்குள் அடங்கிவிட்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உன் அம்மாவைச் சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தபோது, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டில் பொறி நீலமாகக் கொழுந்துவிட்டது. அந்தப் பொறியை அடக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று தெரிந்ததும், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த புதுக் கண்டென்சரைப் பெருமையோடு எடுத்து மாட்டினேன். அதுவும் செத்தே பிறந்திருந்தது. பனி இறங்க இறங்க நீங்கள் இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்க, நான் கீழே வந்த பேருந்தில் அடிவாரம் போய், ஒரு மெக்கானிக் பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கண்டென்சரைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் பிறகு அந்த வண்டி என்னிடம் இருந்தவரை அந்தப் பழைய கண்டென்சர்தான் ஓடியது.

அன்று முதல் நான் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: புதிய பாகத்தை வாங்கியதும் வண்டியில் மாட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே கழற்றிய பழைய பாகத்தை டிக்கியில் வைப்பேன். அது ஓடும் என்பதற்கு அது ஓடியதே சாட்சி. அதைக் கழற்ற எந்த ஸ்பேனர் வேண்டும், எந்தத் திருகு கைதவறி உள்ளே விழும் என்பதும் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். இந்தக் காலத்தில் புதிதாகச் செய்து விற்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார்களிலும் கண்டென்சர்களிலும் தரமற்றவை நிறைய இருப்பதால், இந்த வழக்கம் முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

அப்படிச் சோதித்த பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒரு பிளக், எல்லாவற்றிலும் நீளமான பிளக் வயர் ஒன்று, இவை ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக்கிற்கு 0.025. இடைவெளியை அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் தொலைந்துவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் பாயிண்ட்டுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். வீடு வந்து சேர அது போதும். உன் நண்பர் சொன்ன எலக்ட்ரானிக் இக்னிஷனை மாட்டுவதானால் தாராளமாக மாட்டு. ஆனால் அது சாலையில் செத்தால் பழுது பார்க்க வழியில்லை. பழைய பாயிண்ட்டைத் தட்டோடு சேர்த்து டப்பாவில் வைத்துக்கொள்.

ஃபியூஸ் விஷயத்தில் கவனம் தேவை. உன் வண்டிக்கான லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது எரியும் அளவைக் குறிக்கும். அது தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். சாதாரணக் கடைகளில் கிடைக்கும் ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்றுதானே என்று அதில் 35 வாங்கிப் போட்டால், ஃபியூஸ் எரியும் முன் வயர் எரியும்.

2021 செப்டம்பர் முதல் அங்கே பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் புதுக் குழாய்களை இப்போதே மாற்றிவிட்டு, ஓர் அடி நீளத் துண்டையும் இரண்டு கிளிப்புகளையும் வைத்துக்கொள். தீயணைப்பான் டிக்கியில் இருப்பதும் கடையிலேயே இருப்பதும் ஒன்றுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும்படி பொருத்து. உன் வண்டியின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால், ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டிக் கட்டி வை. எல்லாம் அங்குல அளவு ஸ்பேனர்கள். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றுமே பெரும்பாலான வேலைகளை முடித்துவிடும்.

ஃபேன் பெல்ட் ஒன்று அவசியம். அது அறுந்தால் டைனமோவும் வாட்டர் பம்பும் ஒன்றாக நின்றுவிடும். ஐந்து லிட்டர் தண்ணீர், பல்புகள், டார்ச், கட்டுக்கம்பி, டேப் ஆகியவற்றை நான் சொல்லித்தான் நீ வைக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார். அந்தக் காலத்து வண்டியில் நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும் வசதி இல்லாததால் எச்சரிக்கை முக்கோணம் வேண்டும். சாதாரணச் சாலையில் 45 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும், மோட்டார்வேயில் வைக்கவே கூடாது.

டிக்கியில் எடுத்துச் செல்ல முடியாத பாகமும் ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரன்னியன் என்ற மூட்டுக்கு கிரீஸ் அடிக்காமல் இபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். அது காய்ந்து முறிந்தால் சக்கரமே மடங்கிவிடும், சாலையோரத்தில் செய்ய ஒன்றுமில்லை. பிரேக்கும் அப்படித்தான். பெடல் இறங்கினால் பிரேக் ஆயிலை ஊற்றிக்கொண்டு ஓட்டாதே, தூக்கிச் செல்லும் வண்டியைக் கூப்பிடு.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு, டார்ச் வெளிச்சத்தில் கண்டென்சரை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார். என் ஃபீலர் கேஜை அடுத்த வாரம் அங்கே வரும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். 0.015 தகட்டின் ஓரம் சற்றே வளைந்திருக்கும். ஏற்காட்டில் அன்று அதை உன் கையில்தான் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அன்புடன்,
அப்பா